ஒரு மாத்திரை நோயாளியின் கைக்கு வந்து சேரும் வழி: அரசு ஏற்பாடு எங்கே நிலைக்கிறது, எங்கே சரிகிறது

"ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க." அரசு மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் சன்னலில் நாடு முழுவதும் பல தலைமுறைகளாக நோயாளிகள் கேட்டுவந்த பதில் இது. சொல்பவர் மருந்தாளுநர்தான். ஆனால் அந்தப் பதில் அவர் மேசையில் உருவானதல்ல. மூன்று மாதத்துக்கு முன்பே தலைமை அலுவலகத்தில் ஒரு கொள்முதல் கோப்பு நின்றுபோயிருக்கும். போன ஆண்டுப் பாக்கி வராததால் கம்பெனி சரக்கை அனுப்பாமல் இருந்திருக்கும். அல்லது பக்கத்து மாவட்டத்தில் அதே மருந்து காலாவதியாகி மூட்டையில் கிடந்திருக்கும், இங்கே தேவை என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்தப் பதிலைக் கணிசமாகக் குறைத்துக் காட்டிய ஏற்பாடு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. 1994 ஜூலை 1ஆம் தேதி அரசுக்கு முழுவதும் சொந்தமான கம்பெனியாகப் பதிவுசெய்யப்பட்டு, 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அ.தி.மு.க. ஆட்சியில் தொடங்கி, 1996இல் ஆட்சி மாறிய பின்னும், அடுத்தடுத்து மாறிய பின்னும் அதே முறையில் நடந்துவருகிறது. ஒரு கட்சி தொடங்கியதை இன்னொரு கட்சி மூடிவிடும் ஊரில் இது சாதாரணமாக நடப்பதல்ல. நல்ல அதிகாரி ஒருவர் வந்தார், நேர்மையாக இருந்தார், அதனால் நடந்தது என்று இதை விளக்கிவிட முடியாது. அந்த அதிகாரி இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் காரணத்தை அந்த ஏற்பாட்டின் உறுப்புகளில்தான் தேட வேண்டும்.

அந்த உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வேலை நடக்கும்போதே கணக்கும் தானாக எழுதப்படுகிற திட்டம் நிலைக்கிறது. வேலை ஒரு பக்கமும் அதைப் பற்றிய அறிக்கை இன்னொரு பக்கமுமாக ஓடுகிற திட்டம் சரிகிறது.

பழைய முறையில் என்ன கோளாறு

முன்பு மருத்துவக் கல்வி, மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள், பொதுச் சுகாதாரம் என ஒவ்வொரு இயக்ககமும் தனித்தனியே மருந்து வாங்கின. பெரும்பாலும் 'விலை ஒப்பந்தம்' என்ற முறை. மேலே இருப்பவர்கள் டெண்டர் விட்டு, இந்த மருந்து இந்தக் கம்பெனியிடம் இந்த விலைக்கு என்று முடிவு செய்வார்கள். எவ்வளவு வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். மருத்துவமனைகள் தத்தம் தேவைக்கு நேரடியாக ஆர்டர் போட வேண்டும், பணமும் அவைதான் கொடுக்க வேண்டும்.

காகிதத்தில் இது நியாயமாகத் தெரியும். கம்பெனியின் இடத்திலிருந்து பாருங்கள். எத்தனை லட்சம் மாத்திரை விற்கும் என்று தெரியாமலே விலை சொல்ல வேண்டும். ஆர்டர்கள் நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து சிறு சிறு துண்டுகளாக வரும். ஒவ்வொரு இடத்திலும் பில் போட்டு, ஒவ்வொரு கருவூலத்திலும் அலைந்து பணம் வாங்க வேண்டும். தாமதமாக வரும் பணத்துக்கான வட்டியை அவர்கள் முதலிலேயே விலையில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றியும் போதாதபோது, ஒழுங்காகப் பணம் தரும் மருத்துவமனைக்கு மட்டும் அனுப்பிவிட்டு மற்றதைத் தள்ளிப்போடுவார்கள்.

மருத்துவமனைப் பக்கமும் இதே கதை. ஒதுக்கீடு ஆண்டு கடைசியில்தான் முழுமையாக வந்து சேரும். மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். எனவே தேவையானதை வாங்குவதைவிட உடனே கிடைப்பதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அந்த மார்ச் மாதக் கொள்முதல்தான் அடுத்த ஆண்டு காலாவதிச் சரக்காக மூலையில் கிடக்கும். அதே நேரம் பாரசிட்டமால் இருக்காது.

இதில் ஒவ்வொருவரும் தம் இடத்தில் இருந்துகொண்டு விவேகமாகத்தான் நடந்துகொண்டார்கள். முறைகேட்டுப் புகார்களும் இருந்தன, அது உண்மை. ஆனால் லஞ்சத்தை முழுவதும் ஒழித்தாலும் இந்த முறையில் மருந்து வந்திருக்காது. பொது நிர்வாகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது. எல்லாத் தோல்விக்கும் ஊழலையே காரணமாகச் சொன்னால், கண்காணிப்பைக் கூட்டுவது ஒன்றுதான் மருந்தாகத் தோன்றும். கையெழுத்துகளின் எண்ணிக்கை கூடும், கோப்பு இன்னும் மெதுவாக நகரும்.

கழகம் எதை மாற்றியது

முதலில் பட்டியல். மருத்துவ வல்லுநர் குழு ஒன்று முன்னூறுக்கும் குறைவான இன்றியமையாத மருந்துகளைத் தேர்ந்தெடுத்தது. எல்லாமே மூலப்பெயரில், பிராண்ட் பெயரே கிடையாது. பட்டியல் சுருங்கியதும் ஒவ்வொரு மருந்தின் கொள்முதல் அளவும் பல மடங்கு பெருகியது. மாநிலம் முழுவதற்குமான தேவையை ஒரே டெண்டரில் சேர்த்துக் கேட்கும்போது விலை தானாக இறங்கும். பல மருந்துகள் சில்லறை விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைப்பது இதனால்தான்.

அடுத்தது டெண்டர். இரண்டு உறைகள்: ஒன்றில் தகுதிச் சான்றுகள், மற்றதில் விலை. தகுதி உறையில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே திறக்கப்படும். தயாரிப்பாளரோ நேரடி இறக்குமதியாளரோ மட்டும்தான் கலந்துகொள்ளலாம், இடைத்தரகருக்கு இடமில்லை. நல்ல உற்பத்தி நடைமுறைச் சான்று வேண்டும், குறைந்தபட்ச ஆண்டு விற்றுமுதல் வேண்டும், அந்த மருந்தைச் சில ஆண்டுகளாகச் சந்தையில் விற்றுவந்திருக்க வேண்டும். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர். அவரால் முழு அளவையும் தர முடியாதென்றால் அடுத்தடுத்த நிலையில் இருப்பவர்களிடம் அதே விலைக்குத் தருவீர்களா என்று கேட்டு ஆர்டர் பிரிக்கப்படும். ஒரே தொழிற்சாலையை நம்பியிருந்து, அங்கே இயந்திரம் நின்றால் மாநிலமே நிற்கும் ஆபத்து இதனால் குறைகிறது.

சரக்கு மாவட்டக் கிடங்குகளுக்கு நேராக வந்து இறங்கும். வந்தவுடன் மருத்துவமனைக்குப் போகாது, தனியே நிறுத்திவைக்கப்படும். ஒவ்வொரு பேட்சிலிருந்தும், அதாவது ஒரே தடவையில் தயாரான ஒவ்வொரு தொகுதியிலிருந்தும், மாதிரி எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே வெவ்வேறு கிடங்குகளிலிருந்து வந்த ஒரே பேட்ச் மாதிரிகளைச் சேர்த்து, கம்பெனி பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டு, பட்டியலில் உள்ள சோதனைக் கூடங்களுக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று கூடத்துக்குத் தெரியாது. தேறினால்தான் கிடங்கில் விநியோகத்துக்குத் திறந்துவிடப்படும். தேறாவிட்டால் கம்பெனி தன் செலவில் எடுத்துப் போக வேண்டும். மறுபடி மறுபடி தவறினால் அந்த மருந்துக்கோ அந்தக் கம்பெனிக்கோ கருப்புப் பட்டியல்.

மாத்திரைகள் டப்பாவில் உதிரியாக வருவது நின்று, பட்டையிலும் கொப்புள உறையிலும் வரத் தொடங்கின. உறையிலேயே தமிழ்நாடு அரசின் முத்திரையும், விற்பனைக்கு அல்ல என்ற வரியும் அச்சாகியிருக்கும். இதைச் சாதாரண மாற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். உதிரி மாத்திரையை மருந்துக் கடைக்குக் கடத்தினால் கண்டுபிடிக்க வழியே இல்லை. முத்திரை அச்சடித்த பட்டை கடையில் கிடைத்தால் அது எங்கிருந்து வந்தது என்று யார் பார்த்தாலும் தெரியும். காவலுக்கு ஆள் போடும் வேலையைப் பட்டையே செய்துவிடுகிறது. ஈரப்பதத்தில் மாத்திரை உதிர்ந்துபோவதும் குறைந்தது.

கம்பெனிக்குப் பணம் கொடுக்கும் முறைதான் இதில் முதுகெலும்பு. மருத்துவமனைகளுக்கான மருந்து ஒதுக்கீட்டில் சுமார் 90 விழுக்காட்டை அரசு நேராகக் கழகத்தின் கையில் கொடுத்துவிடும். ஆர்டரில் குறிப்பிட்ட பங்கு வந்து, தரச் சோதனையும் தேறினால், கழகம் ஒரே இடத்திலிருந்து பணத்தைக் கொடுத்துவிடும். தாமதமாக அனுப்பினால் தண்டத் தொகை பிடித்துக்கொள்ளப்படும். ஒழுங்காகப் பணம் தருபவர்தான் ஒழுங்காகத் தண்டமும் வசூலிக்க முடியும். ஆறு மாதம் பாக்கி வைத்திருக்கும் அரசு, பத்து நாள் தாமதத்துக்குத் தண்டம் கேட்டால் கம்பெனி சிரித்துவிட்டு அடுத்த டெண்டரில் கலந்துகொள்ளாமல் போய்விடும். இந்த ஒரு இணைப்பு அறுந்த மாநிலங்களில் மற்ற விதிகள் அத்தனையும் காகிதத்தோடு நின்றுவிட்டன.

மூன்று மாத இருப்பு என்ற கணக்கு

கிடங்கில் ஏறத்தாழ மூன்று மாதத் தேவைக்கு இருப்பு வைக்க வேண்டும் என்பது விதி. இந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதைக் குறைக்கச் சொல்லும் நிதித் துறைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியும்.

ஆர்டர் கைக்கு வந்து, மூலப்பொருள் வாங்கி, தயாரித்து, தமிழ்நாட்டுக் கிடங்குகளுக்குக் கொண்டுவந்து இறக்கக் கம்பெனிக்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம். இறங்கிய பின் மாதிரி தலைமை அலுவலகம் போக, குறியீடு போட, கூடத்தில் சோதிக்க, முடிவு வர மாத்திரைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஊசி மருந்தானால் நுண்ணுயிர்த் தூய்மைச் சோதனைக்கு மட்டுமே 14 நாள் வளர்ப்பூடகத்தில் (நுண்ணுயிர் இருந்தால் வளர்ந்து காட்டும் கரைசலில்) வைத்துப் பார்க்க வேண்டும், அதை அவசரப்படுத்த முடியாது. ஆக, ஆர்டர் போட்ட நாளிலிருந்து மருந்து விநியோகத்துக்குத் திறக்கும் நாள்வரை எண்பது தொண்ணூறு நாள் ஓடிவிடும். அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் மூன்று மாத இருப்பு. ஒரு மாத இருப்பு போதும், பணம் முடங்குகிறது என்று யாராவது முடிவெடுத்தால், எட்டு வாரம் கழித்துச் சன்னலில் பழைய பதில் திரும்பிவிடும். முடிவெடுத்தவர் அந்தச் சன்னலுக்கு வருவதே இல்லை.

பாஸ்புக்

எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த உறுப்பு கணினியோ டெண்டரோ அல்ல, பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒன்று உண்டு. வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் போலத்தான். முதல் பக்கத்தில் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு ரூபாயில் வரவு வைக்கப்பட்டிருக்கும். மருந்தாளுநர் இண்டென்ட் என்ற தேவைப் பட்டியலை எழுதிக்கொண்டு மாவட்டக் கிடங்குக்கு வந்து மருந்தை எடுத்தால், எடுத்ததன் மதிப்பு கழிக்கப்பட்டு மீதி எழுதப்படும். மருத்துவமனை யாருக்கும் பணம் கொடுப்பதில்லை, செக் எழுதுவதில்லை, கருவூலத்துக்குப் போவதில்லை.

இதில் மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்துவிடுகின்றன. முதலாவது, எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்ற முடிவு மருத்துவமனையிடமே இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு யாரும் பொட்டலம் கட்டி அனுப்புவதில்லை. பாம்புக்கடி அதிகம் வரும் ஊரும் சர்க்கரை நோயாளிகள் அதிகம் வரும் ஊரும் ஒரே பொட்டலத்தைப் பெற்ற காலத்தில்தான் ஒன்று குவிந்தும் ஒன்று தீர்ந்தும் போனது. இரண்டாவது, அளவுக்கு மிஞ்சி எடுத்தால் தன் கணக்கிலேயே குறையும் என்பதால் பதுக்குவதற்கு ஒரு விலை இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியமானது. எடுத்த மருந்தின் பதிவு, எடுக்கும் செயலிலேயே நிகழ்ந்துவிடுகிறது. எந்த நிலையம் எந்த மாதம் எவ்வளவு எடுத்தது என்பதற்குத் தனியாகப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டியதில்லை. கிடங்குக் கணக்கு கணினி வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. அடுத்த ஆண்டு டெண்டருக்கான அளவு அந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது.

நம் அலுவலகங்களில் மாதாந்திர அறிக்கை எப்படி நிரப்பப்படுகிறது என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் பத்துக்கும் மேற்பட்ட பதிவேடுகளைப் பராமரிக்கிறார். மாதக் கடைசியில் போன மாத எண்ணோடு சிறிது கூட்டி எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லாத நாட்கள் உண்டு. மேலே அந்த எண்களைக் கூட்டி விழுக்காடு போட்டுப் படம் வரைவார்கள். பாஸ்புக்கில் அப்படிப் பொய் எழுத முடியாது. எழுதினால் மருந்து வராது, அல்லது பணம் குறையும்.

மீதி 10 விழுக்காடு உள்ளூர் கொள்முதலுக்கு. பட்டியலில் இல்லாத மருந்து, திடீர் அவசரம், கிடங்கில் தீர்ந்துபோனது ஆகியவற்றுக்கு மருத்துவமனையே வாங்கிக்கொள்ளலாம். இந்தச் சிறு கதவு இல்லாவிட்டால் ஒவ்வொரு விதிவிலக்குக்கும் சென்னைக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும், முறையே நெரிந்துபோகும். அதே கதவு 50 விழுக்காடாக இருந்தால் பழைய முறை பின்வாசலால் திரும்பிவிடும்.

கதவு அகலமானால் என்ன ஆகும்

விதிவிலக்கின் அளவு ஒரு திட்டத்தை எப்படித் தின்றுவிடும் என்பதற்கு ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் 2006 வாக்கில் நடந்த முயற்சி தெளிவான சான்று. செவிலியர்கள் ஒழுங்காக வராததால் துணை சுகாதார நிலையங்கள் பல நாட்கள் மூடியே கிடந்தன. சேவா மந்திர் என்ற தன்னார்வ அமைப்பும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து, தேதியும் நேரமும் அச்சடிக்கும் கருவிகளைக் கொடுத்தன. கண்காணிப்பு நாட்களில் செவிலியர் நாளுக்கு மூன்று முறை முத்திரை இட வேண்டும், பாதி நாட்களுக்கு மேல் வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும். பொருளியல் ஆய்வாளர்கள் இதைக் கண்காணிப்பு இல்லாத நிலையங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

முதல் மாதங்களில் வருகை நன்றாகவே உயர்ந்தது. பிறகு 'விலக்களிக்கப்பட்ட நாள்' என்ற பத்தி பதிவேட்டில் நிரம்பத் தொடங்கியது. கூட்டம், களப்பணி, கணக்கெடுப்பு என்று காரணம் எழுதி மேலதிகாரி கையெழுத்திட்டால் அந்த நாள் வராத நாளாகக் கணக்கில் சேராது. கருவி பழுது என்ற காரணமும் அதிகரித்தது. 16 மாதங்களில், கண்காணிப்பு இருந்த நிலையத்துக்கும் இல்லாத நிலையத்துக்கும் வேறுபாடே இல்லாமல் போனது. பதிவேட்டின்படி பார்த்தால் 'வராத நாட்கள்' குறைந்துதான் இருந்தன.

கருவி தோற்றது என்று இதைச் சொல்ல முடியாது. விலக்கு கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவருக்கு விலக்குக் கொடுப்பதால் எந்த இழப்பும் இல்லை, மறுப்பதால்தான் தினம் தினம் மனத்தாங்கல். கேட்க வேண்டிய நோயாளிகளோ செவிலியர் வரமாட்டார் என்று முடிவுகட்டி ஏற்கெனவே தனியாரிடம் போய்விட்டார்கள். மருந்துக் கழகத்தின் பாஸ்புக்கில் விலக்குக்கு 10 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் கணக்கில் பணமே இருக்காது. உதய்ப்பூரில் விலக்கு நாளுக்கு உச்சவரம்பு இல்லை. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது போதுமானது.

தமிழ்நாட்டிலேயே இன்னொரு முயற்சியைப் பக்கத்தில் வைக்கலாம். 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கும் அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 31க்குள் அமைக்க வேண்டும், அமைக்காவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்றார்கள். சில மாதங்களில் அவ்வளவு பெரிய மாற்றம் நடந்தது வியப்புக்குரியது. அந்த வேகத்துக்குக் காரணம் தண்டனை தெளிவாக இருந்ததும், அரசின் மேல்மட்டம் நேரடியாக நின்று நடத்தியதும்தான். அதற்குப் பின் நல்ல மழை ஆண்டுகளில் சென்னையின் நிலத்தடி நீர் உயர்ந்தது. மழைக்கு எவ்வளவு பங்கு, குழிகளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது எளிதல்ல.

ஆனால் எண்ணப்பட்டது 'அமைக்கப்பட்டவை' மட்டும்தான். மழைநீர்க் குழியில் கூழாங்கல்லும் மணலும் இரண்டு மூன்று பருவத்தில் வண்டலால் அடைந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மேல் மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும், மொட்டை மாடியைக் கூட்ட வேண்டும், குழாய் இணைப்பைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது கழற்றிய குழாயை யாரும் திரும்ப மாட்டுவதில்லை. முற்றத்துக்கு டைல்ஸ் போடும்போது குழியின் மேலேயே போட்டுவிடுவார்கள். இதை ஆண்டுதோறும் பார்க்கும் வேலை எந்தப் பணியாளரின் அன்றாட வேலையிலும் நிலையாகச் சேரவில்லை. சொத்து வரி ரசீதோடோ தண்ணீர் இணைப்புக் கட்டணத்தோடோ அது பிணைக்கப்படவும் இல்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது பழைய கட்டமைப்புகளை மறுபடி தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று.

கழகத்திலும் மருந்து தீர்ந்துபோவது ஏன்

கழகத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் சன்னலில் நிற்பவருக்கு அநியாயம். இப்போதும் சில மருந்துகள் சில வாரங்கள் இல்லாமல் போகின்றன. அதற்கான காரணங்கள் முறைக்குள்ளேயே இருக்கின்றன.

மிகக் குறைந்த விலைக்கே ஆர்டர் என்ற விதி, சில மருந்துகளின் விலையை அடிமட்டத்துக்குத் தள்ளிவிடும். மூலப்பொருளில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அங்கே விலை ஏறினால், ஒத்துக்கொண்ட விலையில் தயாரித்து நஷ்டப்படுவதைவிடத் தண்டத் தொகையைக் கட்டிவிடுவது கம்பெனிக்கு லாபமாக இருக்கும். அப்போது எவ்வளவு கடுமையான தண்ட விதியும் மருந்தைக் கொண்டுவராது. விலை மிகவும் அதிகமாக இருந்தால் எப்படிக் கேள்வி கேட்கிறோமோ, அப்படியே போன ஆண்டைவிட விலை மிகவும் இறங்கியிருந்தாலும் டெண்டர் குழு நின்று கேட்க வேண்டும். அதைச் செய்ய அதிகாரிகள் அஞ்சுகிறார்கள். குறைந்த விலையை மறுத்துவிட்டுக் கூடுதல் விலைக்கு ஏன் வாங்கினாய் என்று தணிக்கை கேட்கும். மருந்தே வராமல் போனால் யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

இதைவிடப் பெரிய கோளாறு தேவைக் கணக்கில் இருக்கிறது. போன ஆண்டு எவ்வளவு எடுத்தார்களோ அதை வைத்துத்தான் இந்த ஆண்டு அளவு முடிவாகிறது. மருந்து இல்லாத நாட்களில் யாரும் எடுத்திருக்க முடியாது. ஒரு கிடங்கில் ஒரு மாத்திரை ஆண்டில் 65 நாள் இல்லாமல் இருந்தது, மீதி 300 நாளில் 3,00,000 போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் ஆண்டுத் தேவை 3,00,000 என்று வரும். உண்மையான தேவை நாளுக்கு 1,000 வீதம் 3,65,000. திருத்தாமல் ஆர்டர் போட்டால் அடுத்த ஆண்டும் அதே தட்டுப்பாடு ஏற்பாடு செய்யப்பட்டுவிட்டது. இருப்பில்லாத நாட்களைக் கழித்து வகுக்கும் இந்த எளிய திருத்தத்துக்குத் தேவையான எல்லாத் தகவலும் கிடங்குக் கணினியில் இருக்கிறது.

இத்தோடு இன்னொன்று. தட்டுப்பாடு வரும் என்று மோப்பம் பிடித்த மருந்தாளுநர் தேவைக்கு மேல் இண்டென்ட் எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் நிலையத்து நோயாளிகளை அவர் காப்பாற்றுகிறார். ஆனால் பத்துப் பேர் அப்படிச் செய்தால் கிடங்கு ஒரே வாரத்தில் காலியாகி, வதந்தியே தட்டுப்பாடாகிவிடும். எல்லா நிலையங்களின் இருப்பும் ஒருவருக்கொருவர் தெரியும்படி இருந்தால், பதற்றத்தில் அள்ளுவது குறையும். கிடங்கிலிருந்து வெளியேறும் வரை கணக்கு உறுதியாக இருக்கிறது. நிலையத்தின் அலமாரியிலிருந்து நோயாளி கைக்குப் போகும் கடைசி அடிதான் இன்னும் தளர்வானது.

பிற மாநிலங்கள்

கேரளம் 2007இல் இதே மாதிரிக் கழகத்தைத் தொடங்கியது. ராஜஸ்தான் 2011இல் கழகத்தை நிறுவி, அக்டோபர் 2 முதல் இலவச மருந்துத் திட்டத்தை நடத்தத் தொடங்கியது. ராஜஸ்தான் டெண்டர் ஆவணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மாவட்டக் கிடங்குகள், தரச் சோதனை, மருத்துவமனைகளுக்கான பாஸ்புக் ஆகியவற்றோடு, மருத்துவர் மூலப்பெயரில் எழுத வேண்டும் என்பதையும், இணையவழி இருப்புக் கணக்கையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. கணினிப் பக்கத்தில் மருந்து இருப்பைக் கணக்கு வைக்கும் இ-ஔஷதி மென்பொருள் அதற்குத் துணையாயிற்று.

கம்பெனிச் சட்டத்தில் ஒரு கழகத்தைப் பதிவுசெய்து, இயக்குநர் குழுவை அமைத்து, பெயர்ப்பலகை மாட்டுவது சில வாரத்து வேலை. கிடங்கு கட்டாமல், முன்பணம் கொடுக்காமல், விலை ஒப்பந்தத்தை மட்டும் கழகத்தின் பெயரில் போட்டால் 1994க்கு முந்தைய முறைதான் புதிய முகவரியில் நடக்கும். வேறொரு மாநிலம் இதைப் பின்பற்ற விரும்பினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கழகத்தின் தலைவர் யார் என்பதல்ல. நிதியாண்டின் முதல் மூன்று மாதத்தில் அதன் கணக்கில் எவ்வளவு பணம் வந்து சேர்கிறது, சோதனையில் தேறிய சரக்குக்கு எத்தனை நாளில் பணம் போகிறது என்ற இரண்டையும் பார்த்தால், அங்கே மருந்து இருக்குமா இருக்காதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டுக்கு இப்போது வந்திருக்கும் சோதனை வேறு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோகிறது. இவை ஒரு வாரம் சாப்பிட்டு முடிக்கும் மருந்துகள் அல்ல, வாழ்நாள் முழுவதும் வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு நோயாளியும் அடுத்த ஆண்டுத் தேவையில் நிரந்தரமாகச் சேர்கிறார். போன ஆண்டு எடுத்த அளவைப் பார்த்து ஆர்டர் போடும் முறை இதைத் தாங்காது. பதிவுசெய்த நோயாளிகளின் எண்ணிக்கையையும் நாளுக்கு எத்தனை மாத்திரை என்பதையும் பெருக்கித்தான் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் வாங்க வேண்டும். நாளுக்கு இரண்டு மாத்திரை சாப்பிடும் ஆயிரம் நோயாளிகள் ஒரு வட்டாரத்தில் புதிதாகச் சேர்ந்தால், அந்த ஒரு மருந்துக்கு மட்டும் கிடங்கின் மூன்று மாத இருப்பில் 1,80,000 மாத்திரை கூட வேண்டும். நோயாளிப் பதிவேடும் கிடங்குக் கணக்கும் ஒன்றோடொன்று பேசும்படி இணைத்தால் அந்த எண் மாதந்தோறும் தானாக வரும். இணைக்காவிட்டால், வீடு தேடி வந்த தன்னார்வலர் அடுத்த மாதம் வெறுங்கையோடு போய் நிற்பார்.